பூஜ்யத்துக்கு வராத சக்கரம்

பின்பால் மெஷின் தெரியுமில்லையா? பழைய ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். சாய்வான மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே உருண்டோடும் இரும்புக் குண்டு, 'டிங் டிங்' மணி. சிகாகோவின் காட்லீப் கம்பெனி, 1947-ல் 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷினில் ஃப்ளிப்பர் என்ற குட்டித் துடுப்புகளை வைத்தது. பட்டனைத் தட்டிக் குண்டைத் திருப்பி அடிக்கும் சுகம் அதில்தான் ஆரம்பம்.

நான் விமர்சிக்கப் போவது ஆட்டத்தை அல்ல. மெஷினோடு மடித்துக் கொடுத்த பெரிய தாளை. வயரிங் வரைபடம்! 'இதுக்கெல்லாமா விமர்சனம்?' என்று கேட்காதீர்கள். ஒரு மெஷின் பிழைப்பதும் சாவதும் இந்தத் தாளைப் படிப்பதில்தான் இருக்கிறது.

அறுபதுகளின் மெஷினில் சிப் கிடையாது. ரிலே, காயில், ஒரு மோட்டார், ஏகப்பட்ட ஸ்விட்ச்கள். அவ்வளவுதான். ஐம்பது பாயின்ட் விழுந்தால் மோட்டார் சுழன்று, பத்துப் பத்தாக ஐந்து தடவை தட்டும்.

இதற்கு வரும் வழக்கமான நோய் ஒன்று. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் மோட்டார் சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. 'மோட்டார் போச்சு' என்பார் பக்கத்து வீட்டு நிபுணர். தாளோ வேறு கதை சொல்கிறது. ஸ்கோர் சக்கரங்கள் எல்லாம் பூஜ்யத்துக்கு வரும்வரை மோட்டார் சுற்றத்தான் வேண்டும். ஏதோ ஒரு சக்கரம் பிசுக்கேறிச் சிக்கியிருக்கலாம். அல்லது பூஜ்யத்தில் திறக்க வேண்டிய ஸ்விட்ச் திறக்காமல் இருக்கலாம். மோட்டார் பாவம், நிரபராதி!

நான் பி.காம். டிரயல் பாலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் லெட்ஜரைக் கொளுத்த மாட்டோம். ஒவ்வொரு பதிவாகப் பின்னோக்கிப் போவோம். இந்தத் தாளும் அப்படித்தான் போகச் சொல்கிறது. அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

குறைகளும் உண்டு. யாரோடு யார் இணைப்பு என்று சொல்லும்; பெட்டிக்குள் எங்கே இருக்கிறார் என்று சொல்லாது. ரிலேவுக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்துவிட்டு 'தேடிக்கொள்' என்று விட்டுவிடும். மெஷின் எந்த நிலையில் இருக்கும்போது வரைந்தது என்ற சின்னக் குறிப்பைத் தவறவிட்டால், மூடிய ஸ்விட்சைத் திறந்தது என்று படித்து ஏமாறுவீர்கள்.

இன்னொன்று, அது ஆசாமிகளின் அவசரத்தை அறியாது. ஃப்ளிப்பர் காயிலில் இரண்டு சுற்று: அடிக்க ஒன்று, பிடித்துக்கொள்ள ஒன்று. துடுப்பு உயர்ந்ததும் ஒரு ஸ்விட்ச் திறந்து கரன்டைக் குறைக்க வேண்டும். திறக்காவிட்டால் காயில் சூடாகும், ஃப்யூஸ் போகும். நம் ஆள் என்ன செய்வார்? பெரிய ஃப்யூஸாகப் போடுவார். அப்புறம் புகைதான்! உண்மையைச் சொன்ன ஒரே சாட்சியின் வாயை அடைத்தால் வேறென்ன வரும்?

இருந்தாலும் என் ஓட்டு இந்தத் தாளுக்கே. 'இது கெடும், கெட்டால் இப்படித் தேடு' என்று விற்கும்போதே ஒப்புக்கொண்ட நேர்மை அதில் இருக்கிறது. இன்று எந்தப் பொருள் கெட்டாலும் நமக்குக் கிடைப்பது ஒரே வரி: 'போர்டை மாத்தணும் சார்.' ஏன் என்று கேட்கக்கூட நம் கையில் தாள் இல்லை.

ஒருவேளை அப்படியொரு பழைய மெஷின் உங்களிடம் வந்து சேர்ந்தால், முதலில் தாளைப் பிரியுங்கள். கையை உள்ளே விடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அதைத் தாள் சொல்லாது; நான் சொல்லிவிட்டேன்.