சீராக நகரும் கை

பழவேற்காடு ஏரியோரம், தோணிரேவுப் பக்கம் போனால் பனையோலை பின்னும் பெண்களின் கைகளைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். ஓலையைக் கட்டைவிரலால் அழுத்தி, சுட்டுவிரலால் அடியில் நுழைத்து, மணிக்கட்டை லேசாகத் திருப்பி இழுப்பார்கள். எங்கும் திக்காது. நலமான கை ஒரு பொருளை நோக்கி நீளும்போது வேகம் ஒரே மூச்சில் ஏறி, ஒரே மூச்சில் இறங்கும். பக்கவாதம் வந்த கையில் அது சின்னச் சின்ன மேடுகளாக உடைந்துவிடும். கொஞ்சம் நகரும், தயங்கும், மறுபடி நகரும்.

இந்தத் தயக்கத்தை எண்ணாக்கியதில் வேலூர் சி.எம்.சி.யின் சிவகுமார் பாலசுப்ரமணியனுக்குப் பெரும் பங்கு உண்டு. 2015-இல் அவரும் சக ஆய்வாளர்களும் செம்மைப்படுத்திய ‘ஸ்பார்க்’ அளவை, கையின் வேகத்தை அதிர்வெண்களாகப் பிரித்து வரையும் கோட்டின் நீளத்தைப் பார்க்கிறது. கோடு நெளிந்து நீண்டால் தடுமாற்றம் கூடுதல். மெதுவாகப் போனதற்காக மட்டும் மதிப்பெண் குறையாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். வயதானவர் நிதானமாகவே கை நீட்டட்டும், சீராக நீட்டினால் போதும்.

அப்படித் தடுமாறும் கைக்குப் பயிற்சி தர சி.எம்.சி.யும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய ‘புளூட்டோ’ என்ற ரோபோவும் அழகான கருவி. ஒரே மோட்டார்தான். கைப்பிடியை மாற்றி மாட்டினால் மணிக்கட்டை மடக்கலாம், முன்கையைத் திருப்பலாம், விரல்களை விரித்து மூடலாம். எதிரே திரையில் விளையாட்டு ஓடும். ஓலை பின்னவும் வலை முடையவும் வேண்டிய அசைவுகள் இவையே. பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்று இருந்தால், பயிற்சிக்காக யாரும் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.