தபால்காரர் தட்டிய கதவு

சென்னை வரலாற்றை எழுதிவந்த எஸ். முத்தையாவின் 'மெட்ராஸ் மிசலேனி' பத்தியை நான் மேலிருந்து படிக்கத் தொடங்கியதே இல்லை. 'தி ஹிந்து'வின் திங்கட்கிழமை இணைப்பை விரித்தால் கண் நேரே வாசகர் கடிதங்களுக்குத்தான் ஓடும். தபால்காரர் கதவைத் தட்டியதாகச் சொல்லும் ஒரு சின்னத் தலைப்பின்கீழ் அவை இருக்கும். பத்தியின் உயிர்நாடி அங்கேதான்.

போன வாரம் எழுதிய பங்களா எங்கள் தாத்தாவுடையது என்பார் ஒருவர். ஆண்டு தவறு என்பார் இன்னொருவர். கடல் கடந்து போன பழைய மெட்ராஸ்காரர் ஒருவர் இருவரையும் மறுப்பார். முத்தையா மூவருக்கும் இடம் தருவார். தன் தவறைச் சுட்டிய கடிதத்துக்குச் சற்றுத் தாராளமாகவே. அந்தத் தாராளத்தில் சங்கடமே தெரியாது; புதுத் தகவல் கிடைத்த குஷிதான் தெரியும். விடை தெரியாத கேள்வியைக் கூச்சமில்லாமல் வாசகரிடமே தள்ளிவிடுவதும் உண்டு. பெரும்பாலான பத்தி எழுத்தாளர்களுக்கு இது வராது.

முத்தையா 1930-ல் பள்ளத்தூரில் பிறந்தவர். கொழும்பில் 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' பத்திரிகையில் பணியாற்றிவிட்டு 1968-ல் சென்னை வந்தார். இங்கே அவருக்கு வாய்த்தது வரைபடம் அச்சிடும் நிறுவனத்து வேலை. அந்தப் பழக்கம் நடையில் ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றும். ஆளைச் சொல்வதற்கு முன் தெருவைச் சொல்வார். அண்ணா சாலை என்றால் கூடவே மவுண்ட் ரோடும் வரும். 1996-ல் நகரத்தின் பெயரே மாறியது. அவர் பேனாவில் அது மெட்ராஸாகவே இருந்தது. பேனா என்பதுகூடச் சரியில்லை. கணினி பக்கம் போகாமல் தட்டச்சுப்பொறியிலேயே காலம் தள்ளியவர்.

வாக்கியங்கள் நீளம். நடுவில் ஒரு கிளைக்கதை புகும், அதற்குள் ஒரு உறவுமுறை, அதற்குள் ஒரு கம்பெனி கைமாறிய கதை. 1842-ல் மிஸ்கித் என்ற பெயரில் தொடங்கி மியூசி மியூசிக்கல் ஆகி, இன்றும் அண்ணா சாலையில் இசைக்கருவி விற்கும் கடையைப் போன்ற விஷயம் அவருக்குக் கரும்பு தின்னக் கூலி. இசை, வணிகம், கட்டடம், குடும்பம் எல்லாம் ஒரே வாசலில் கிடைக்கின்றனவே! கச்சேரியின் நயத்தைப் பேசுவது அவர் வேலையல்ல. பியானோவை இறக்குமதி செய்தவர் யார் என்பதுதான் அவர் கேள்வி.

குறையும் உண்டு. கோட்டையும் கம்பெனி துரைகளும் நிறைய வருவார்கள். கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர்கள் அபூர்வம். 'இந்தியாவிலேயே முதல்' என்று சொல்வதில் தீராத மோகம். 1688-ல் அமைந்த மாநகராட்சிக்கு அந்தப் பெருமை தகும். ஆனால் ஒவ்வொரு பழைய தூணுக்கும் ஒரு 'முதல்' தேடினால் கொஞ்சம் அலுப்புத் தட்டத்தான் செய்யும்.

ஆனாலும் 1981-ல் 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' என்று வந்த அவருடைய நூல் பின்னாளில் 'ரீடிஸ்கவர்ட்' ஆகி, பதிப்புக்குப் பதிப்பு பருத்ததைப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலில் அவர் காலமானார். இப்போதும் அந்த நூலின் பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் புரட்டுகிறவர்கள், கூடுதலான பக்கங்களில் எத்தனை வரி யார் வீட்டுக் கடிதத்திலிருந்து வந்தது என்று ஊகித்துப் பார்க்கலாம். நல்ல பொழுதுபோக்கு.