பத்து நிமிட விருந்தாளிக்கு இரண்டு கம்பிகள்

"தெரியுதா?" என்று மொட்டை மாடியிலிருந்து ஒரு குரல் கேட்கும். "இல்ல, இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று கூடத்திலிருந்து பதில் போகும். எண்பதுகளில் இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சிக்காக ஆன்டெனாவோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்தக் கூச்சல் இன்னும் காதில் இருக்கும். ஆனால் இலங்கை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒருமுறை திருப்பிக் கட்டிவிட்டால் போதும். தாழப் பறக்கும் செயற்கைக்கோள் அப்படியல்ல. அடிவானத்தில் தலைகாட்டி, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எதிர்ப்பக்கம் இறங்கிப் போய்விடும். இந்த விருந்தாளியை வரவேற்கும் கம்பிகளில்தான் எனக்குப் பெரிய ரசனை.

புதிதாக வருபவர் முதலில் கேட்பது, "எது அதிகம் இழுக்கும்?" ஆன்டெனா எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. டார்ச்சின் ஒளியைக் குவிப்பதுபோல, ஒரு பக்கத்திலிருந்து எடுத்து இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கிறது, அவ்வளவே. ஒரே பக்கம் குவிக்கும் நீளமான யாகி ஆன்டெனாவைக் கூரையில் ஒரே திசையில் கட்டிவிட்டு, கோள் அந்த வழியாக வரும் என்று காத்திருப்பவர் ஏமாந்துதான் போவார்.

என் மனதுக்குப் பிடித்தது வி-டைபோல். 53.4 செ.மீ. நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகள், நடுவில் 120 டிகிரி கோணம். கேபிளின் நடுக்கம்பி ஒன்றில், மேல்வலை மற்றதில். தரைக்கு இணையாகப் படுக்கவைத்து, விரிந்த வாயை வடக்கிலோ தெற்கிலோ காட்டினால் 137 மெகாஹெர்ட்ஸ் வானிலைக் கோள்களுக்கு அது தயார். வடதென் துருவங்களைச் சுற்றும் அவை வருவதும் போவதும் பெரும்பாலும் அந்த வழியில்தான். இதன் அழகு, அது விட்டுக்கொடுப்பதில் இருக்கிறது. கோளிலிருந்து வரும் அலை திருகிக்கொண்டே வருவது. படுத்திருக்கும் கம்பி அதில் பாதியை இழந்துவிடும். நகரத்து வாக்கி டாக்கிகளின் அலையோ நின்றபடி வருவது. அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் இந்தக் கம்பியில் ஏறும். விருந்தாளியின் குரலில் பாதியைக் கொடுத்துத் தெருக்கூச்சல் மொத்தத்தையும் அடக்கிக்கொள்ளும் பேரம் இது. கம்பிகளை மடக்கியதிலும் கணக்கு உண்டு. நேராக நீட்டினால் 73 ஓம் காட்டுவது, மடங்கியதும் ரிசீவர் விரும்பும் 50 ஓம் பக்கம் இறங்கிவருகிறது.

பல ஆண்டுகள் இந்தக் கம்பிகளில் மேகப்படம் இறக்கிய அமெரிக்காவின் நோவா கோள்கள் மூன்றும் 2025இல் அணைக்கப்பட்டுவிட்டன. ரஷ்யாவின் மீட்டியோர்கள் அதே அலைவரிசைப் பக்கம் வந்ததால் கம்பிகளுக்கு வேலை போகவில்லை. திருகுசுருள் வடிவிலான கியூ.எஃப்.எச். இன்னும் நேர்த்தியானது. திருகலோடு திருகலாக அலையை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதை முதலிலேயே வளைக்க உட்கார்ந்து வெறுத்துப்போனவர்கள் உண்டு. மூன்றாவது ஆன்டெனாவாக வைத்துக்கொள்ளலாம்.

மேம்படுத்துவது என்றதும் எல்லோரும் கம்பியையே பார்க்கிறார்கள். நான் கேபிளைப் பார்ப்பேன். கடைக்காரர் நம்பிக்கையோடு நீட்டும் மெல்லிய ஆர்.ஜி.-58, அமெச்சூர் கோள்கள் பேசும் 437 மெகாஹெர்ட்ஸில் பத்து மீட்டருக்குள்ளேயே சிக்னலில் பாதியைத் தின்றுவிடும். டி.டி.எச்.காரர் விட்டுப்போன ஆர்.ஜி.-6 துண்டு அதைவிட எவ்வளவோ மேல். அது 75 ஓம் ஆயிற்றே என்று பயப்பட வேண்டாம். கேட்பதற்கு மட்டும் என்றால் அந்தப் பொருத்தமின்மையில் போவது நூற்றுக்கு நான்கு. பிரிஆம்ப் வாங்கினால் அதன் இடம் ஆன்டெனாவின் காலடி, மேசை அல்ல. வழியில் தொலைந்ததை வீட்டில் வைத்துப் பெருக்கினால் இரைச்சலும் கூடவே பெருகும். பக்கத்தில் எஃப்.எம். கோபுரம் இருந்தால், ஒரு ஃபில்டர் இல்லாமல் பிரிஆம்ப் மூச்சுமுட்டி உள்ளதையும் கெடுக்கும்.

இதெல்லாம் ஓரிடத்தில் கட்டிவைக்கும் ஆன்டெனா. கையில் பிடிக்கும் யாகி வேறு கலை. 1926இல் ஜப்பானில் பிறந்தது. பெரும்பாடு பட்டவர் உடா, பெயர் போனது யாகிக்கு. பி.வி.சி. குழாயில் இரும்பு இஞ்ச் டேப் துண்டுகளைக் கட்டினால் மூன்று கம்பி யாகி தயார். படியில் இடித்தால் வளைந்து நிமிர்ந்துகொள்ளும். இதைக் கையில் ஏந்தி 145.800 மெகாஹெர்ட்ஸில் விண்வெளி நிலையத்தைத் தேடும்போது மணிக்கட்டும் ஆன்டெனாவின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. நிலையம் தலைக்கு மேல் வரும்போது 400 கி.மீ. தொலைவு, அடிவானத்தில் 2,000 கி.மீ.க்கு மேல். சிக்னல் முப்பது மடங்கு வரை மாறும். ஆகவே குவியும் சக்தி அடிவானத்தில்தான் தேவை, உச்சியில் எதை வைத்தாலும் கேட்கும். குரல் மங்கினால் உடனே திசையை மாற்றக் கூடாது. முதலில் கையைக் கால் சுற்று திருக வேண்டும். பெரும்பாலும் அலைதான் சாய்ந்திருக்கும்.

அங்கிருந்து படம் அனுப்பும் நாட்களில் ஒரு படம் இறங்க இரண்டு நிமிடம் ஆகிறது. கீச்சுக்குரலாக வந்து, திரையில் வரிவரியாக விரியும். என்னிடம் இருக்கும் முதல் படத்தின் நடுவில் விரலகலத்துக்குப் புள்ளிமழை. கை வலித்து, ஆன்டெனாவை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிய நேரம் அது.