கொன்றவர்களே மூட்டிய சிதை

எம்.ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ கவிதையை மாணவர்களோடு வாசித்தால் ஐந்தே நிமிடத்தில் அது முடிந்துவிடும். ‘புத்தர்னா அகிம்சை சார். லைப்ரரிய எரிச்சது அகிம்சையக் கொன்ன மாதிரி.’ மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பதில் தவறில்லை. ‘மையக்கருத்து’ எழுதியே பழகிய கை அப்படித்தான் எழுதும். ஆனால் அந்த ஒரு வரிக்குக் கவிதை எதற்கு, கண்டன அறிக்கையே போதுமே?

ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: ‘இதுல துக்கம் எங்க சார் இருக்கு? யாருமே அழலையே.’

சரியான இடத்தில் கை வைத்த கேள்வி. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதைப் பற்றிய இந்தக் கவிதையில் பேசுபவர்கள் அமைச்சர்களும் சிவில் உடைக் காவலர்களும் மட்டும்தான். பட்டியலில் இல்லாத ஆளை ஏன் சுட்டீர்கள் என்று விசாரணை, அதற்கு ஒரு விளக்கம், பிறகு உடலை மறைக்கச் சொல்லி உத்தரவு. சர்வர் விழுந்த இரவில் எங்கள் அலுவலகத்தில் ‘யார் அப்ரூவ் பண்ணினது?’ என்று கேட்பார்களே, கிட்டத்தட்ட அதே தொனி.

புத்தரை வெறும் குறியீடாக வாசித்தால் இங்கே இடிக்கும். குறியீட்டை யாரும் இழுத்துப்போய் ஒளிக்க வேண்டியதில்லை. இது பிணம். புத்தகங்கள் அதற்கு விறகு. சிகாலோவாத சூத்திரம் கொள்ளி. அந்தச் சூத்திரம் இல்லறத்தானுக்குப் புத்தர் சொன்ன அறிவுரை. இறந்த பெற்றோர் பொருட்டுத் தானம் செய்வதும் அதில் பிள்ளையின் கடமைகளில் ஒன்று. இறந்தவருக்குச் செய்யவேண்டியதைச் சொல்லும் ஏட்டைக் கொண்டே தடயத்தை அழிக்கிறார்கள். அழ ஆளில்லாதது தற்செயல் அல்ல. கடைசிக் கிரியையையும் கொன்றவர்களே செய்துவிட்டார்கள், துக்கப்பட வேண்டியவர்களுக்கு உடல்கூட மிஞ்சவில்லை.

நூலகம் எரிந்து இரண்டு ஆண்டுகளில், 1983 ஜூன் 3 அன்று, மரண விசாரணை இல்லாமலே உடல்களைப் புதைக்கவோ எரிக்கவோ பாதுகாப்புப் படையினருக்கு அனுமதி தரும் அவசரகால விதி 15ஏ இலங்கையில் வந்தது. இதைச் சொன்னதும் மாணவர்கள் கவிதையை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். இம்முறை யாரும் அகிம்சை என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. புத்தரின் உடலோடு தம்மபதமும் சாம்பலாகும் முடிவில்தான் கவிதை தன் குரலைக் கொஞ்சம் உயர்த்துகிறது. மாணவர்கள் அடிக்கோடிடுவது எப்போதும் அதைத்தான். தேர்வில் எழுத வசதி. என் கண் நிற்பது அதற்குச் சற்று மேலே, உடலை மறைக்கச் சொல்லிவிட்டு அமைச்சர்கள் காணாமல் போகும் இடத்தில்.