மிட்டாய் டப்பாவும் மரண ரயிலும்

அனிமே என்றாலே சண்டைப் படம்தான் என்று நினைப்பவர்கள், இசாவோ தகாஹாட்டா இயக்கி 1988-இல் வெளிவந்த ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ படத்தைப் பார்க்க வேண்டும். 1945-இல், கோபே நகர்க் குண்டுவீச்சில் தாயை இழந்த செய்தாவும் அவன் 4 வயதுத் தங்கை செத்சுகோவும் பட்டினியோடு போராடுவதுதான் கதை. அண்ணனின் சாவைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவதால், ‘பிழைப்பார்களா?’ என்று நாம் கேட்பதில்லை, ‘ஏன் பிழைக்கவில்லை?’ என்றுதான் கேட்கிறோம்.

கிள்ளான் மாணவர்களோடு பேசினால், “அத்தைதான் டீச்சர் கெட்டவங்க!” என்கிறார்கள். உண்மைதான், பிள்ளைகளுடைய அம்மாவின் கிமோனோவைக் கொடுத்து வாங்கிய அரிசியிலேயே கணக்குப் பார்க்கிறவர் அவர். ஆனால், அந்த வீட்டை விட்டு வெளியேற வைத்ததில் செய்தாவின் ரோஷத்துக்கும் பங்குண்டு. இரண்டையும் எழுதினால்தான் அது திறனாய்வு.

நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. செய்தாவின் அப்பா கடற்படை அதிகாரி. ஜப்பானியப் படைகள் கடல் கடந்து என்ன செய்தன என்பதைப் படம் காட்டுவதில்லை. 1942–43-இல், 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பலர் திரும்பவே இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அவர்கள் கதை.

அதற்காகச் செத்சுகோவுக்கு அழக்கூடாதா? தாராளமாக அழலாம். அவளுடைய டப்பாவில் முதலில் மிட்டாய், பிறகு வெறும் தண்ணீர், கடைசியில் அவள் சாம்பல். மாணவர்களே, படத்தையும் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போரைத் தொடங்கியவர்கள் இரண்டிலும் பட்டினி கிடக்கவில்லை. உங்கள் கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள்.