அடகுக் கடையும் இல்லறமும்: ‘ஒப நத்துவா ஒப எக்க’ திரைப்படம் பற்றி மலையக நோக்கில் ஓர் ஆய்வு

போருக்குப் பிந்திய சமுதாயத்தில் காதலும் இல்லறமும் இரு தனிமனிதரின் சொந்த விவகாரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. கொன்றவர் தரப்பும் இழந்தவர் தரப்பும் ஒரே கூரையின் கீழ் வாழ நேரும்போது, அவ்வீட்டின் மௌனமும் வரலாற்றின் பகுதியாகிவிடுகிறது. பிரசன்ன விதானகேயின் நெறியாள்கையில் 2012இல் வெளிவந்த ‘ஒப நத்துவா ஒப எக்க’ (நீ இன்றியும் உன்னோடும்) இவ்வுண்மையைக் கருவாகக் கொண்ட திரைப்படம். கதை நிகழும் களம் மலையகச் சிறு நகரம். ஆதலின், பதுளையையும் ஊவாத் தோட்டங்களையும் அறிந்த வாசகர் நிலையில் நின்று இதனை நோக்குவது பொருத்தமுடையதென்று கருதுகிறோம்.

கதையின் மூலம் தஸ்தாயெவ்ஸ்கி 1876இல் எழுதிய ‘சாதுவான பெண்’ என்னும் குறுநாவல். பிரெஞ்சு நெறியாளர் ரொபேர் பிரெஸ்ஸோன் 1969இலும், இந்திய நெறியாளர் மணி கௌல் 1990இலும் இதனைத் திரைக்குக் கொணர்ந்துள்ளனர். மூலத்தில் கணவன் படையிலிருந்து விலகிய அதிகாரி. வட்டித் தொழில் செய்பவன். விதானகே அவனைச் சிங்கள முன்னாள் படைவீரன் சரத்சிறியாகவும், மனைவியைப் போரினால் குடும்பத்தை இழந்து வடக்கிலிருந்து வந்து மலையகத்தில் அண்டி வாழும் செல்வியாகவும் மாற்றியிருக்கிறார். இம்மாற்றத்தினால் ரஷ்யக் கதையின் உளவியற் சிக்கல் நமது நாட்டின் இனமுரண்பாட்டுச் சிக்கலாக உருமாறுகிறது. ஷியாம் பெர்னாண்டோவும் அஞ்சலி பாட்டீலும் இவ்விரு பாத்திரங்களையும் ஏற்று நடித்துள்ளனர்.

படத்தின் தலையாய சிறப்பு, காதலுக்கு முன்னரே பொருளாதார உறவு நிலைகொண்டுவிடுவதைக் காட்டுவதாகும். நகையை அடகு வைக்க வந்தவளே பின்னர் மனைவியாகிறாள். ஹாலிஎல, பசறை, பண்டாரவளை போன்ற நகரங்களின் கடைவீதிகளை அறிந்தவர்க்கு அடகுக் கடை வெறும் குறியீடன்று. நாட்கூலியை நம்பி வாழும் தோட்டக் குடும்பத்துக்குத் தோடும் சங்கிலியுமே சேமிப்பு. திருவிழாவும் பள்ளிச் செலவும் நோயும் வரும்போது அவை அடகுச் சீட்டாகின்றன. சீட்டின் மறுபுறம் இருப்பவன் மணாளனாக வரும்போது, அவன் அளிக்கும் அன்பும் கடன்போலவே அமைகிறது. கடன்பட்டவள் கேள்வி கேட்கலாகாது என்ற எதிர்பார்ப்பு அதில் உறைந்துள்ளது.

செல்வியோ கேள்வி கேட்கிறாள். கணவன் படைவீரனாயிருந்தவன் என்பது பழைய நண்பனொருவன் வருகையால் வெளிப்பட்ட பின் இல்லறம் விசாரணைக் களமாகிறது. சக படையினர் தமிழ்ப் பெண்ணொருத்திக்கு இழைத்த கொடுமையில் அவன் உண்மைக்கு மாறாகச் சாட்சி சொன்னவன் என்பதும் தெரியவருகிறது. அவன் அவளை நேசிக்கிறான் என்பதில் ஐயமில்லை. எனினும், உண்மை உரிய இடத்தில் உரைக்கப்படாதவரை நேசம் பரிகாரமாகாது என்பதே படம் எழுப்பும் வாதம். படுக்கையறையில் மனைவியிடம் கூறும் வாக்குமூலம் நீதிமன்றச் சாட்சியத்துக்கு ஈடாகுமா? அவளது துயர முடிவு இவ்வினாவுக்கான விடையாக அமைகிறது.

ஊவாவில் இவ்வினா கற்பனையன்று. 1983 யூலையில் பதுளை நகரம் எரிந்தது. 2000 ஒக்டோபர் 25ஆம் நாள் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர் கும்பலொன்றினால் கொல்லப்பட்டனர். காவலுக்கு நின்ற பொலிசார் அதனைத் தடுக்கவில்லை. 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. ஆனால் மேன்முறையீட்டின் வழி 2005ஆம் ஆண்டளவில் அனைவரும் விடுதலையாயினர். சாட்சியம் தோற்ற இடத்தில் சமாதானம் பேசுவது எத்தகையது என்பதை இம்மண் நன்கறியும். சரத்சிறியின் பொய்ச்சாட்சியத்தை ஒருவனது மனச்சாட்சிப் பிரச்சினையாக மட்டும் நாம் கொள்ளாமைக்கு இதுவே காரணம்.

ஆயினும் படத்தின் குறைபாடுகளையும் சுட்டுதல் வேண்டும். முதலாவது, மலையகம் இங்கே பனியும் பசுமையும் கொண்ட பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது. அம்மலைகளைப் பசுமையாக்கிய தொழிலாளர் கதையின் இயக்கத்தில் இடம்பெறவில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களும், 1977 வன்செயலின்பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தவர்களும் இம்மக்களே. அங்ஙனம் சென்றோரும் அவர்தம் வழிவந்தோரும் வன்னியின் இறுதிப் போரிலும் சிக்குண்டனர். வடக்கிலிருந்து மலைக்கு வந்த செல்வியின் பாதையும், மலையிலிருந்து வடக்கே சென்றோரின் பாதையும் சந்திக்கும் இடம் ஒன்று படத்தில் இருந்திருப்பின் அதன் வரலாற்றுப் பார்வை விரிந்திருக்கும். தெளிவத்தை ஜோசப்பின் எழுத்துப் பங்களிப்புடன் 1975இல் வந்த ‘புதிய காற்று’ கலைநுட்பத்தில் இதனோடு ஒப்பிடத்தக்கதன்று. எனினும் தோட்டத் தொழிலாளியைக் கதையின் நடுவே நிறுத்தியது அப்படமே.

இரண்டாவது, மூலக்கதை கணவனின் கூற்றாக அமைந்தது. அவ்வடிவத்தின் சாயல் திரையிலும் தொடர்கிறது. அவனது குற்றவுணர்வின் வளர்ச்சியைப் படிப்படியாகக் காண்கிறோம். அவளது நினைவுலகம் பெரிதும் மூடியே இருக்கிறது. இருவரும் பெரும்பாலும் அவன் மொழியிலேயே உரையாடுகின்றனர். அவள் மொழியைக் கற்கும் கடமை அவனுக்குத் தோன்றவில்லை. இதனை நெறியாளரின் நுண்ணிய அவதானிப்பு எனவும் கொள்ளலாம், எல்லை எனவும் கொள்ளலாம். இரண்டும் உண்மையென்பதே நமது கருத்து.

2014இல் சென்னையில் இப்படத்தின் திரையிடல் மிரட்டல்களால் நிறுத்தப்பட்டது. ‘புரஹந்த களுவர’ முதலாகவே போரின் பெயரால் எழுந்த போலிப் பெருமிதங்களை எதிர்த்து வந்த சிங்களக் கலைஞர் ஒருவரைத் தமிழின் பெயரால் தடுத்தமை வருந்தத்தக்கது. படைப்பைத் தடுப்பது விமர்சனமாகாது. அதன் போதாமையைப் படத்தைப் பார்த்தே பேசவேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, இப்படம் நல்லிணக்கம் என்னும் சொல்லை மலிவாக்காத அரிய முயற்சியாகும். அடகு வைத்தவள் வட்டியின் தள்ளுபடியைக் கோரவில்லை, தன் பொருளையே கோருகிறாள். அப்பொருள் உண்மை. தோட்டத்து லயங்களில் வாழும் பெண்ணொருத்தியின் கண்வழியே இக்கதை மீளச் சொல்லப்படும் நாளில், விதானகே தொடங்கிவைத்த விசாரணை முழுமை பெறும்.