கைபட்ட காடு

கிழக்கு லண்டனில், மேனர் பார்க் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வடக்கே நடந்தால் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்ற பரந்த புல்வெளி வரும். வார இறுதியில் பிள்ளைகள் கால்பந்து ஆடும் அந்த வெளிதான் எப்பிங் காட்டின் தெற்கு ஓரம். அங்கிருந்து எசெக்ஸ் மாவட்டத்து எப்பிங் ஊரைத் தாண்டும்வரை, ஏறத்தாழ 19 கிலோமீட்டர், விட்டுவிட்டுக் காடு நீண்டு கிடக்கிறது. பரப்பு சுமார் 2,400 ஹெக்டேர். நுழைவுச் சீட்டு வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இவ்வளவு அருகில் இருந்தும், முதல்முறை போய்வந்தவர்கள் பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "இரண்டு மணி நேரம் நடந்தோம், மரத்தைத் தவிர ஒன்றும் இல்லை." அவர்கள் மேல் குறையில்லை. காடு என்றதும் யானையும் அருவியும் நம் மனதில் வந்துவிடுகின்றன. மனிதக் கை படாத இடம்தான் காடு என்று நினைத்துக்கொண்டு போகிறோம். ஆங்கிலக் கிராமப்புறத்தின் பழங்காடுகள் அப்படிப்பட்டவை அல்ல. தலைமுறை தலைமுறையாக விறகுக்கும் மேய்ச்சலுக்கும் மனிதர் புழங்கிய இடங்கள் அவை. ஆகவே எப்பிங்கில் தேட வேண்டியது கையின் தடயத்தை. அது கண்ணில் படத் தொடங்கிவிட்டால் இரண்டு மணி நேரம் போதாது.

எப்போது போகலாம்

ஆண்டுக்கு இரண்டு முறை கட்டாயம் போங்கள். ஒன்று, ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை. இன்னொன்று, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை. முன்னதில் இலை பிறக்கிறது. பின்னதில் அதே இலை செம்புத் தகடாகி உதிர்கிறது. காலையில் போனால் வெயில் சாய்வாக விழும், மரங்களுக்கு இடையே ஒளி தூண் தூணாக நிற்கும்.

சென்ட்ரல் லைன் ரயிலில் லௌட்டன் நிலையத்தில் இறங்கி, மேற்கே மேட்டில் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் காட்டுக்குள் இருப்பீர்கள். மங்க் வுட், ஹை பீச் பகுதிகளில்தான் பழைய பீச் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. மழை பெய்திருந்தால் களிமண் காலைப் பிடிக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு மரத்தில் தொடங்குங்கள்

உள்ளே போனதும் நடையைக் குறையுங்கள். நல்ல பருத்த பீச் மரம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதைச் சுற்றி வாருங்கள். பட்டை யானைக்கால் போலச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கும். தரையிலிருந்து ஆள் உயரத்துக்குச் சற்று மேல்வரை ஒரே அடிமரம். அதற்கு மேல் அது சட்டென்று ஏழாக, எட்டாக, பத்தாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் தனி மரத்தின் பருமனில் நேரே வானுக்குப் போகிறது.

மரம் தானாக இப்படி வளராது. இது கோடரி தந்த வடிவம். அடியோடு வெட்டினால் வரும் மறுதாம்புத் துளிரை மானும் மாடும் தின்றுவிடும். அதனால் அவற்றின் வாய்க்கு எட்டாத உயரத்தில் தலையை வெட்டி விறகு எடுத்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் மரம் மறுபடி தழைக்கும், மறுபடி வெட்டுவார்கள். இப்படிக் கவாத்து செய்த மரத்துக்குப் பொல்லார்ட் என்று பெயர். எப்பிங் காட்டில் இப்படிப்பட்ட முதுமரங்கள் சுமார் 50,000 இருக்கின்றன.

கிளைகள் பிரியும் அந்த முட்டியைக் கவனியுங்கள். மங்க் வுட்டில் ஒரு மரத்தின் வேர் மேட்டில் ஏறி நான் அதை எட்டிப் பார்த்தேன். நடுவே ஒரு கிண்ணம்போலக் குழிவு. அதில் கறுத்த மழைநீர். விளிம்பில் பாசி. இற்றுப்போன இலைமண்ணில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பெரணி முளைத்திருந்தது. தண்ணீர்மேல் காட்டுப்புறாவின் சாம்பல் இறகு ஒன்று. எத்தனையோ முறை வெட்டுப்பட்ட இடம், இன்று ஒரு சிறு குளம்.

பீச்சுக்கு அடுத்துத் தேட வேண்டியது ஹார்ன்பீம். அதன் அடிமரம் உருண்டையாக இருக்காது. முறுக்கிய தசைநார்போல மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆலைகளின் மரப் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட வைரம் பாய்ந்த மரம் அது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். எது பீச், எது ஹார்ன்பீம் என்று விரலே சொல்லும்.

கோடரி நின்ற ஆண்டு

இப்போது அண்ணாந்து பாருங்கள். பெரும்பாலான மரங்களில் கிளைகள் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கின்றன. அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது.

லௌட்டன் கிராமத்தாருக்குக் குளிர்காலத்தில் இந்தக் காட்டில் கிளை வெட்டிக்கொள்ளும் உரிமை இருந்தது. நவம்பர் 11 நள்ளிரவில் யாராவது ஒருவர் முதல் வெட்டைப் போடாவிட்டால் உரிமை பறிபோய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. 1860களில் நிலக்கிழார்கள் காட்டைத் துண்டுபோட்டு வேலி அடைத்தபோது, தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளி பின்வாங்காமல் கோடரியோடு உள்ளே போனார். அவர் குடும்பத்தினர் சிலர் இதற்காகச் சிறை சென்றார்கள்.

பிறகு வேலிகளுக்கு எதிரான வழக்கைக் கையில் எடுத்தது லண்டன் மாநகரக் கழகம். தன் இடுகாட்டுக்காக மேனர் பார்க் அருகே அது வாங்கியிருந்த நிலத்தோடு, காடு முழுவதும் மாடு மேய்க்கும் உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்த உரிமையை வைத்தே வழக்காடி, வேலிகள் சட்டவிரோதம் என்று 1874இல் தீர்ப்பு வாங்கியது. இடுகாட்டு நிலம் இந்தப் பெருங்காட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது. 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. 1882 மே 6 அன்று விக்டோரியா அரசி ஹை பீச்சுக்கு நேரில் வந்து, காட்டை மக்களின் பயன்பாட்டுக்கும் மகிழ்ச்சிக்கும் அர்ப்பணித்தார்.

அதே சட்டம் கிளை வெட்டும் உரிமையை இழப்பீடு கொடுத்து முடித்துவைத்தது. அந்தப் பணத்தில் எழுந்த லாப்பிங் ஹால், அதாவது கிளைவெட்டு மண்டபம், 1884 முதல் லௌட்டனில் நிற்கிறது. போகும் வழியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் தலைக்கு மேல் இருக்கும் கிளைகள் பெரும்பாலும் கோடரி ஓய்ந்த காலத்திலிருந்து வளர்ந்தவை. அடிமரத்துக்குப் பல நூறு வயது. கிளைகளுக்கு நூற்றைம்பதைச் சுற்றி.

கீழே பாருங்கள்

வெட்டு நின்றதும் காடு மாறியது. தழை மூடி நிழல் கனத்தது. பீச்சின் அடியில் இன்று பூவோ புல்லோ அதிகம் இல்லை. பழுப்பு இலை மெத்தைதான். அதை ஒரு கை அள்ளுங்கள். முள்ளுத் தொப்பிபோல நாலாகப் பிளந்த ஓடும், மூன்று மூலை கொண்ட சிறு கொட்டையும் கிடைக்கும்.

நிழல் விழுமுன் முந்திக்கொள்ளும் பூ எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், காட்டின் தென்பகுதியில் வான்ஸ்டெட் பார்க்கின் ஷாலே வுட்டுக்கு ஏப்ரல் கடைசியில் போங்கள். மரங்கள் இலை விரித்து வெயிலை மறைப்பதற்குள் புளூபெல் பூத்து முடித்துவிடும். உலகத்துப் புளூபெல்களில் ஏறக்குறையப் பாதி பிரிட்டனில் இருக்கிறது. ஆங்கிலப் புளூபெல்லின் தண்டு ஒரு பக்கமாக வளைந்து தொங்கும், மகரந்தம் வெண்மையாக இருக்கும், மணம் உண்டு. தண்டு நிமிர்ந்து நின்றால் அது தோட்டத்திலிருந்து வந்த ஸ்பானிய இனமாகவோ கலப்பாகவோ இருக்கலாம். பாதையோரம் மரக்கட்டை போட்டிருப்பார்கள். அதைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். ஒரு விதை பூவாக ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். இலையை மிதித்தால் கிழங்குக்கு உணவு போகாது.

விழுந்து கிடக்கும் கட்டையை யாரும் அகற்றாமல் விட்டிருக்கிறார்களே என்று நினைக்காதீர்கள். அது வேண்டுமென்றே விட்டது. மான்கொம்புபோலத் தாடை நீண்ட ஸ்டாக் வண்டின் புழு, மண்ணுக்குள் இற்றுப்போகும் கட்டையைத் தின்றே பல ஆண்டு வளர்கிறது. அந்த வண்டுக்காகவும் இந்தக் காட்டுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு.

இலையும் ஒலியும்

மே முதல் வாரத்தில் தாழ்ந்த கிளையில் ஒரு பீச் தளிரை, பறிக்காமல், வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எலுமிச்சைப் பச்சை. விசிறி மடிப்புகள் இன்னும் முழுதாகப் பிரிந்திருக்காது. விளிம்பெங்கும் பட்டு நூல்போல வெள்ளை மயிர், பச்சைக் குழந்தையின் காதோர மயிரைப்போல. மூன்று வாரத்தில் அது உதிர்ந்து இலை தடித்துவிடும்.

பிறகு ஓரிடத்தில் பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முதலில் தொலைவில் ஓடும் வண்டிகளின் இரைச்சல் கேட்கும். அது மெல்ல விலகும். வசந்தத்தின் தொடக்கமானால் மரங்கொத்தியின் தாளம் வரும், ஒரு வினாடிக்குள் பத்துக்கும் மேற்பட்ட அடிகள். இலையுதிர் காலமானால் காற்றில்லாத நேரத்திலும் ஒவ்வோர் இலையும் விழும் ஒலி கேட்கும்.

சில மரியாதைகள்

காளான் பறிக்காதீர்கள், எப்பிங்கில் அதற்குத் தடை இருக்கிறது. தீ மூட்டாதீர்கள். நீண்ட கொம்புள்ள மாடுகள் மேய்ந்தால் வழிவிட்டு விலகி நடங்கள். புல்வெளியை மீட்கத்தான் அவற்றை விட்டிருக்கிறார்கள். வீடு திரும்பியதும் கணுக்காலிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டும், கணக்கு வைத்துத் திரும்புங்கள்.

வரும் வழியில் இன்னும் ஒன்றைத் தேடுங்கள். கோடரி முற்றாகப் போய்விடவில்லை. கனத்த கிளைகளின் பாரத்தில் முதுமரங்கள் பிளந்து விழுவதைக் கண்டு, சில பத்தாண்டுகளாகப் பார்த்துப் பார்த்து மறுபடி கவாத்து செய்கிறார்கள். அப்படிப்பட்ட ஹார்ன்பீம் ஒன்றைக் கண்டால் நில்லுங்கள். நூற்றாண்டுகள் கண்ட அடிமரம். அதன் தலையில் கட்டைவிரல் பருமனில் புதுக்கிளைகள். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அவற்றை வெட்ட ஒருவர் வர வேண்டும். இன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளையாகவும் அது இருக்கலாம்.